பாம்பு எல்லா ஊரிலும்தான் இருக்கிறது, சாவு மட்டும் ஏன் எட்டு மாநிலத்தில்?

கேள்வி: வாசகர் ஒருவர், ஜூன் 8, 2025

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020ல் வந்த ஆய்வு சொல்கிறது. சராசரியாக வருடத்துக்கு 58,000 பேர். இதில் ஏறக்குறைய 70 சதவீதம் எட்டு மாநிலங்களில்: பீகார், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், ஒடிசா, உத்தரப் பிரதேசம், ஆந்திரா (தெலங்கானாவும் சேர்த்து), ராஜஸ்தான், குஜராத். தமிழ்நாடும் கேரளமும் இந்தப் பட்டியலில் இல்லை. அந்த எட்டு மாநிலத்தில் பாம்பு அதிகமா? இல்லை, கடித்ததும் மந்திரவாதியிடம் ஓடுகிற மூடநம்பிக்கையா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது.

ஜூன் 8, இரவு 10.40

பாம்பு அதிகம் என்பது காரணமாக இருக்க முடியாது. உலகத்திலேயே கொடிய விஷம் உள்ள பாம்புகள் ஆஸ்திரேலியாவில் இருக்கின்றன. அங்கே வருடத்துக்குச் சுமார் 3,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. சாகிறவர்கள் சராசரியாக இரண்டு பேர். இரண்டாயிரம் என்று படித்துவிடாதீர்கள், இரண்டு. காலில் பூட்ஸ், படுக்கக் கட்டில், வீட்டில் கதவு, கூப்பிட்டால் வருகிற ஆம்புலன்ஸ். பாலைவனத்துக்கு நடுவே கடிபட்டால் விமானமே வருமாம்.

நான் டாக்டர் இல்லை. பம்ப் செட் சர்வீஸ் ஆள். சொந்த ஊர் தாராபுரம் பக்கம். கோயம்புத்தூர் பம்புகள் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் பின்னாலேயே போய் வந்தவன். ஒடிசா, பீகார், குஜராத் என்று 19 வருடம். பாம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி மோட்டார் கொட்டகைக்குள் தெரிந்துகொண்டது. மீதி என் அக்கா சொன்னது. அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ்.

இரண்டாவது காரணம் பாதி சரி. மந்திரவாதியிடம் போகத்தான் செய்கிறார்கள். ஆனால் பாம்பு ஒன்று, விஷம் ஒன்று, மருந்து ஒன்று. கடிபட்ட நேரமும், கடிபட்டவன் அப்போது எங்கே படுத்திருந்தான் என்பதும்தான் ஊருக்கு ஊர் வேறு. விவரமாக நாளைக்கு எழுதுகிறேன். ரயில் வந்துவிட்டது.

ஜூன் 9, காலை

கரண்ட் பற்றிச் சொல்ல வேண்டும். பாம்புக்கடி ஆய்வு எழுதுகிறவர்கள் மழை, உயரம், நெல் வயல் எல்லாம் பார்க்கிறார்கள். பம்ப் செட் மோட்டார் ஓட வேண்டிய த்ரீ பேஸ் கரண்டை மின்வாரியம் எத்தனை மணிக்கு விடுகிறது என்பதையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

விவசாய கரண்ட் என்பது ஃபேக்டரிக்கும் டவுனுக்கும் கொடுத்தது போக மிச்சம். மிச்சம் எப்போது இருக்கும்? ராத்திரி 11க்கு மேல். கரண்ட் வந்ததும் தோட்டத்துக்காரன் எழுந்து போய் மோட்டார் போட்டு, மடை மாற்றி, விடியும் வரை வரப்பிலேயே நிற்க வேண்டும். ஈரமான வரப்பு, தவளை, எலி, இரண்டுக்கும் பின்னால் பாம்பு. ஒடிசாவில் பலாங்கீர் பக்கம் ஒரு பெரியவர் செல்போனை வாயில் கவ்விக்கொண்டு, அதன் டார்ச் வெளிச்சத்தில், இரண்டு கையாலும் மண்வெட்டியைப் பிடித்து மடை கட்டியதைப் பார்த்திருக்கிறேன். காலில் ஒன்றுமில்லை. செருப்புப் போட்டால் சேற்றில் வழுக்கும், அறுந்துபோகும், காசு வேறு.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கை விடுவதற்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவரால் மூன்று தட்டு தட்டுவேன். உள்ளே இருக்கிற கம்பிச்சுருளின் சூட்டுக்குப் பாம்பு வந்து சுருண்டிருக்கும். இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு குஜராத்தி மெக்கானிக். அவருக்கு இடது கையில் சுட்டுவிரல் பாதிதான்.

அதே குஜராத்தில் 2020 அக்டோபரில் கிசான் சூர்யோதய் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். விடிகாலை 5 மணியிலிருந்து ராத்திரி 9 மணிக்குள் விவசாயத்துக்கு த்ரீ பேஸ். இருட்டில் வயலுக்குப் போகிற தொல்லை தீரவேண்டும் என்பதுதான் நோக்கம். சுகாதாரத் துறை செய்ததல்ல, மின்சாரத் துறை செய்தது. பாம்புக்கடிக்கு மின்சாரத் துறையும் ஒரு மருந்து வைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஜூன் 9, மதியம்

ஒருவர் கேட்கிறார்: "எல்லாவற்றையும் மோட்டாரில் கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறீர்களே, செத்தவர்களில் குழந்தைகள் எத்தனை பேர்?"

நியாயம். கால்வாசிக்கும் மேல் 15 வயதுக்குக் கீழே. அவர்கள் ராத்திரியில் மோட்டார் போடப் போகவில்லை. சுத்தியல் வைத்திருப்பவனுக்கு எல்லாம் ஆணியாகத் தெரிந்த கதையாகிவிட்டது, எனக்கு எல்லாம் பம்ப் செட்.

ஜூன் 11

சரி, தரைக்கு வருவோம்.

1993, வைகாசி. என் அத்தை மகன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். சாளையில் (தோட்டத்து வீட்டில்) பாய் விரித்துப் பத்துப் பேர் வரிசையாகப் படுத்திருந்தோம், திருவிழாக் கூட்டம். விடிகாலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்தான். ராத்திரி தின்ற கறிச்சோறு என்று அத்தை ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். குடித்ததும் தொண்டையில் இறங்கவில்லை, கடைவாயில் வழிந்தது. கண் திறக்க மாட்டேன் என்றது. "ராத்திரியெல்லாம் ஆட்டம் போட்டா இப்படித்தான் தூக்கம் வரும்" என்று சித்தப்பா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கையில் காலில் எங்கேயும் ரத்தமில்லை, வீக்கமில்லை. ஏழரை மணி பஸ்ஸுக்கு ரோட்டுக்குத் தூக்கிப் போனபோது மூச்சு இல்லை.

அதற்கப்புறம்தான் பாயைச் சுருட்டினார்கள். அடியில் இருந்தது. கறுப்பாக, மெலிசாக, வெள்ளைக் கோடு போட்டு. கட்டுவிரியன். எங்கள் பக்கம் எட்டடி விரியன் என்பார்கள். கடித்தால் எட்டடி வைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவானாம். முழுப் பொய். அவனுக்கு மூன்று நான்கு மணி நேரம் இருந்தது. அந்தப் பெயர் இல்லாமல் இருந்திருந்தால் நேரம் இருக்கிறது என்றாவது தெரிந்திருக்கும்.

இந்தப் பாம்பு கடித்தால் வலிக்காது. கொசு கடித்த தடம்கூட இருக்காது. வயிற்று வலி, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது, கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோவது. அக்கா சொல்கிறாள்: விஷ முறிவு மருந்து போட்ட பிறகும் மூச்சு நிற்கலாம். அப்போது யாராவது ஒருவர் பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும், பெரிய ஆஸ்பத்திரி போகும்வரை ஆள் தாக்குப்பிடிப்பான். ரப்பர் பை. அதன் விலை ஒரு நல்ல செருப்பு விலை.

கட்டிலில் படுக்கிறவனை இந்தப் பாம்பு அநேகமாகக் கடிப்பதில்லை. இரை தேடித் தரையில் ஊர்ந்து போகிறது, வழியில் சூடாக ஒரு கை கிடக்கிறது, அவ்வளவுதான். அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கட்டில் இருந்தது. அதில் தாத்தா படுப்பார்.

ஜூன் 11, மறுபடியும்

மேலே எழுதியதைப் படித்த என் தங்கை போன் செய்தாள். அது வைகாசி இல்லை, ஆனி என்கிறாள். திருவிழா இல்லை, காது குத்து என்கிறாள். ஓமத் தண்ணீர் சரியாம். சித்தப்பா அதற்குப் பிறகு அவன் பெயரைச் சொல்லிக் கேட்டதே இல்லை என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போனோம்.

ஆனி என்றால் கணக்கோடு பொருந்துகிறது. நாட்டில் பாம்புக்கடிச் சாவில் பாதி ஜூன் முதல் செப்டம்பருக்குள்தான் நடக்கிறது.

ஜூன் 14

மூடநம்பிக்கை விஷயம். கேள்வி கேட்டவர் "இன்னும் அதற்குப் பதில் சொல்லவில்லை" என்று நினைவூட்டியிருக்கிறார்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசுவேன். பீகாரில் கயா பக்கம் ஒரு கிராமத்தில் போர்வெல் வேலைக்காக ஒரு வாரம் தங்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் விறகுக் குவியலுக்குள் கை விட்ட ஒரு பெண்ணுக்குக் கடி. அங்கே விஷக்கடி மந்திரிப்பவரை ஓஜா என்கிறார்கள், ஒடிசாவில் குணியா. ஓஜா நான்கு வீடு தள்ளி. நான் கத்தினேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று. எதற்கு இந்த மதராசி கூச்சல் போடுகிறான் என்பது போலப் பார்த்தார்கள். வீட்டுக்காரன் பொறுமையாக எனக்குக் கணக்குச் சொன்னான். பக்கத்து ஆஸ்பத்திரியில் மாலை ஆறு மணிக்கு மேல் டாக்டர் இல்லை. இருந்தாலும் ஊசி இல்லை. அடுத்தது ஜில்லா ஆஸ்பத்திரி, ஜீப் வாடகை இவ்வளவு. அங்கே இல்லை என்றால் பாட்னா. வெளியில் ஊசி வாங்கினால் ஒரு குப்பி இவ்வளவு, பத்துக் குப்பி. எருமையை விற்றாலும் பத்தாது. ஓஜா கேட்பது ஒரு தேங்காய், ஒரு பிடி அரிசி. நடுராத்திரியானாலும் கதவைத் திறப்பார். திட்ட மாட்டார்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஓஜாவின் புகழ் ஒரு சுற்றுக் கூடியிருக்கும். விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கலாம், அல்லது விஷப் பாம்பே வெறும் கடி கடித்திருக்கலாம், பல்லைப் பதித்துவிட்டு விஷத்தை இறக்காமல் போவது நிறைய நடக்கிறது. வருகிற கடிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் என்பதால் ஓஜாவுக்கு எப்போதும் வெற்றி சதவீதம் அதிகம். எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் அப்படி ஒரு ரெக்கார்ட் கிடையாது, ஏனென்றால் ஓஜாவிடம் தேறாதவர்கள்தான் கடைசியில் அங்கே வருகிறார்கள்.

மூடநம்பிக்கை இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்காரன் மூடன் இல்லை. ஜீப்பும் ஊசியும் நான்கு வீடு தள்ளி இருந்து, ஓஜா 40 கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால் அவன் எங்கே போயிருப்பான்?

நம் ஊரிலும் வேப்பிலையைக் கடிக்கக் கொடுத்துக் கசக்கிறதா, மிளகு காரமாக இருக்கிறதா என்று கேட்டவர்கள்தானே. அது எப்போது குறைந்தது? பகுத்தறிவு வந்தபோதா, 2008ல் 108 வண்டி வந்தபோதா? எனக்கு வண்டி மீதுதான் சந்தேகம்.

ஜூன் 14, இரவு

"வாய் வைத்து விஷத்தை உறிஞ்சலாமா?" என்று கேட்டவருக்கு: வேண்டாம். வாயில் சொத்தைப் பல் இருந்தால் இரண்டு பேஷண்ட் ஆகிவிடும். கத்தியால் கீறவும் வேண்டாம். கயிறு, துண்டு எதையும் இறுக்கிக் கட்ட வேண்டாம், காலே அழுகிப்போகும். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட இடத்தை ஆட்டாமல், நடக்கவிடாமல், வண்டியில் ஏற்றுங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவரவும் வேண்டாம். செத்தது என்று நினைத்த பாம்பு வார்டுக்குள் நெளிந்த அனுபவம் அக்காவுக்கு இருக்கிறது. நோயாளியைத் தவிர எல்லோரும் கட்டில் மேல் ஏறிவிட்டார்களாம்.

ஜூன் 19

அக்காவோடு உட்கார்ந்து எழுதியது. அவள் சொன்னதை என் நடையில்.

ரத்தத்தைத் தாக்குகிற விஷமா என்று பார்க்க லேப் எதுவும் தேவையில்லை. சுத்தமான, காய்ந்த கண்ணாடி டியூபில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். அப்புறம் மெதுவாகச் சாய்த்துப் பார்த்தால், உறைந்திருந்தால் அப்படியே நிற்கும். தண்ணீர் போல ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் வகை. டியூப் கண்ணாடிதான் வேண்டும், பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் சரியாக உறையாது. சோப்புப் போட்டுக் கழுவிய டியூபும் ஆகாது. "கண்ணாடி டியூப் வேணும்னு எழுதிப் போட்டா பிளாஸ்டிக்தான் வரும். பழைய கண்ணாடி மருந்துக் குப்பிய எடுத்து வெச்சுக்குவேன்" என்கிறாள். ஒரு ஊர் பிழைப்பதும் இன்னொரு ஊர் சாவதும் இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கிறது. அக்கா போல ஒருத்தி குப்பி எடுத்து வைத்திருக்கிறாளா இல்லையா.

விஷ முறிவு மருந்து பொடியாக வருகிறது. பொடி என்பதால் ஃபிரிட்ஜ் இல்லாத இடத்திலும் கெடாது, இது பெரிய வரம். தண்ணீர் விட்டுக் கரைக்கும்போது குலுக்கக் கூடாது, உள்ளங்கைக்கு நடுவே வைத்து மெல்ல உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். முதல் டோஸ் எட்டிலிருந்து பத்துக் குப்பி. குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை.

மருந்து இருந்தும் போடாமல் அனுப்பிவிடுவதுதான் பெரிய வியாதி. குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து. சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் பிரஷர் இறங்கிவிடும். அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டால் சமாளிக்கலாம். ஆனால் தனியாக நைட் டியூட்டியில் இருக்கிற இளம் டாக்டர், வெளியே நாற்பது சொந்தக்காரர்கள், கதவு ஒன்றுதான். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதுவது சுலபம். ஊசி போட்டு ஏதாவது ஆனால் டாக்டர் கொன்றார் என்பார்கள். வழியில் உயிர் போனால் பாம்பு கொன்றது.

தமிழ்நாடு மட்டும் யோக்கியம் என்று நினைக்காதீர்கள். 2006ல் எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்காவைக் கரும்புத் தோகை உரிக்கும்போது கண்ணாடி விரியன் கடித்தது. அரை மணியில் ஆஸ்பத்திரி போய்விட்டார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஒரு குப்பிகூடப் போடாமல் சீட்டு எழுதினார்கள். கோவை போய்ச் சேர மூன்று மணி நேரம். உயிர் தப்பியது, கிட்னி போனது. ஆறு வாரம் டயாலிசிஸ். இரண்டு கறவை மாடும் ஒரு ஏக்கரும் போயின. இந்தக் கணக்கு எந்தச் சாவுப் பட்டியலிலும் வராது.

ஜூன் 20

நேற்று அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். "அப்படியானால் தமிழ்நாட்டில் என்னதான் வேறு?" என்று சரியாகப் பிடித்திருக்கிறார் ஒருவர். மருந்து வாங்குகிற முறை வேறு. 1994ல் மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மாவட்டக் கிடங்கில் மருந்து இருக்கும், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புக், அதில் இவ்வளவு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வரவு. எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று ஆஸ்பத்திரியே கேட்டு எடுக்கும். ஆனி மாதம் வருவதற்கு முன்னால் பாம்புக்கடி மருந்தை ஏற்றி வைத்துக்கொள் என்று அக்காவுக்கு யாரும் மேலிருந்து சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கடை மாதிரி, பார்க்க அழகே இல்லாத ஒரு ஏற்பாடு. மேடையில் யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

ஜூன் 27

தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள் "பாம்பு ஒன்று, விஷம் ஒன்று, மருந்து ஒன்று" என்று கவிதை மாதிரி எழுதினேன். ஒன்றுகூடச் சரியில்லை.

இந்தியாவில் போடுகிற மருந்து நான்கு பாம்புக்கு மட்டும்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அதைத் தயாரிக்க வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி பல வருடமாக ஒரே இடத்திலிருந்து போகிறது. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978ல் ஆரம்பித்தது. பாம்புத் தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்புப் போனவர்களுக்காக ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று தொடங்கியது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரத்து வயல்களில் பிடித்த பாம்பு, மண் பானையில் மணல் போட்டுத் துணி கட்டி வைத்திருப்பார்கள். சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டு மறுபடி கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். போய்ப் பாருங்கள். அந்தப் பானைகள் நம் வீட்டுத் தண்ணீர்ப் பானை போலத்தான் இருக்கும். அதனால்தான் பயமாக இருக்கும்.

ஆனால் செங்கல்பட்டு நல்ல பாம்பின் விஷமும் பஞ்சாப் நல்ல பாம்பின் விஷமும் ஒன்றில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு இதை வரிசையாக ஆராய்ந்து எழுதிவருகிறது. மேற்கு ராஜஸ்தானில் சிந்து கட்டுவிரியன் என்று இன்னொரு வகை, வங்காளத்திலும் வடகிழக்கிலும் விரித்த படத்தில் ஒற்றை வட்டம் உள்ள நாகம். இவற்றுக்கு நம் மருந்து சரியாகப் பிடிப்பதில்லை. ஒரே இனமாக இருந்தாலும் ஊர் மாறினால் விஷத்தின் சேர்மானம் மாறுகிறது.

ஆக, ராஜஸ்தான்காரன் ஜீப் பிடித்து, எருமை விற்று, நேரத்துக்கு ஆஸ்பத்திரி வந்து, பத்துக் குப்பி வாங்கிப் போட்டாலும், அது எங்கள் ஊர்ப் பாம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. மூடநம்பிக்கை என்று ஆரம்பித்த பேச்சு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். எல்லாம் சரியாகச் செய்தவனும் சாகலாம்.

ஜூன் 28

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு "அப்போ ஊசி வேஸ்ட்டா?" என்று இரண்டு பேர். ஐயோ, இல்லை. இருக்கிற ஒரே மருந்து அதுதான், எத்தனையோ பேரைக் காப்பாற்றுகிறது, உடனே போட வேண்டும். அந்தந்த வட்டாரத்து விஷத்தையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நன்றாகக் காப்பாற்றும் என்பதுதான் பேச்சு. ஓஜாவிடம் என் பெயரைச் சொல்லிக்கொண்டு போய்விடாதீர்கள்.

இன்னொன்று. 2023ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்று இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாட்டுக்கே உயிர் கொடுக்கிற விஷத்தை எடுக்கிற சமூகத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் வாங்க இன்னும் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜூலை 6

எண்ணிக்கை பற்றி. ஒருவர் "58,000 என்பது மிகை, அரசாங்கக் கணக்கு அவ்வளவு இல்லையே" என்கிறார்.

ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரை எண்ணினால் வராது. 2005ம் வருடத்துச் சாவுகளுக்கு 2011ல் வந்த ஓர் ஆய்வு போட்ட மதிப்பீடு 45,900. அதில் 97 சதவீதம் கிராமம். முக்கால்வாசிக்கும் மேல் ஆஸ்பத்திரிக்கு வெளியிலேயே செத்தவர்கள். வீடு வீடாகப் போய், செத்தவருக்கு என்ன ஆனது என்று கேட்டு எழுதியதால் வந்த எண் அது. என் அத்தை மகன் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. ஊர்க் கணக்கில் "வயிற்று வலி" என்று எழுதியதாக ஞாபகம்.

மறுபக்கமும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் சிவனி மாவட்டத்தில் பாம்புக்கடி நிவாரணம் என்று 11 கோடிக்கு மேல் சுருட்டியது 2025ல் வெளியே வந்தது. ஒரே ஆளை ஏறக்குறைய முப்பது முறை பாம்பு கடித்துக் கொன்றிருக்கிறது, காகிதத்தில். தலைக்கு 4 லட்சம். உண்மையாகச் செத்தவன் வீட்டில் போஸ்ட்மார்ட்டம் சீட்டு இல்லாததால் ஒரு முறைகூடச் செத்ததாக ஆகவில்லை.

தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள், 1939ம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ். கர்நாடகம் அதே வருடம் முன்பே செய்துவிட்டது. தனியார் ஆஸ்பத்திரியும் சொல்லியாக வேண்டும். அக்காவுக்கு இன்னொரு ஃபார்ம் கூடியது. திட்டிக்கொண்டே நிரப்புகிறாள்.

ஜூலை 7

நாட்டுச் சராசரியில் 70 வயதுக்குள் பாம்புக்கடியில் சாகும் வாய்ப்பு 250ல் ஒன்று. சில வட்டாரங்களில் 100ல் ஒன்றை நெருங்குகிறது. நூறு பேர் என்றால் எங்கள் பக்கத்து ஒரு கல்யாணப் பந்தியின் முதல் வரிசை.

ஜூலை 21

நேபாளத்து விஷயம், ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது. கிழக்கு நேபாளத்தில் தமக் என்று ஒரு ஊர். சுற்றுக் கிராமங்களிலிருந்து சீக்கிரம் வந்து சேர வழியில்லை. ஊர்ப் பையன்களின் மோட்டார் சைக்கிளைப் பட்டியல் போட்டு, கடிபட்டவரை ஓட்டுகிறவனுக்கும் பின்னால் பிடித்துக்கொள்கிறவனுக்கும் நடுவே உட்கார வைத்து நேராக மருத்துவ நிலையத்துக்கு என்று ஏற்பாடு செய்தார்கள். ஊர் ஊராகப் போய் விளக்கமும் சொன்னார்கள். கடிபட்டவர்களில் செத்தவர்கள் 10.5 சதவீதமாக இருந்தது 0.5 ஆனது. புதுப் பாம்பும் இல்லை, புது மருந்தும் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பையன்கள்.

அதே வட்டாரத்தில் கொசுவலைக்குள் படுத்தவர்களுக்குக் கடி குறைவு என்றும் பார்த்திருக்கிறார்கள். வலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3

ஊருக்கு வந்திருக்கிறேன். இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் தோட்டத்தில் இரண்டு வருடமாக ஒரு ஒடியா குடும்பம் வேலை பார்க்கிறது. கணவன், மனைவி, ஐந்து வயதுப் பெண். பலாங்கீர் பக்கம்தான். நான் பேச்சுக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். நேற்று ராத்திரி ஃபியூஸ் போய்விட்டது என்று மோட்டார் கொட்டகைக்குப் போனேன். மூன்று பேரும் தரையில் சாக்கு விரித்துப் படுத்திருக்கிறார்கள். தலைமாட்டில் ஸ்டார்ட்டர் பெட்டி. கால்மாட்டில் சோளத்தட்டுப் போர். இரண்டு மாதமாக ஒடிசாவில் ஏன் சாகிறார்கள் என்று இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனிடம் கேட்டேன். "அவங்களுக்குப் பழக்கம்டா" என்றார். 1993ல் அந்த வரிசையில் அண்ணனும்தான் படுத்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே கொஞ்ச நேரம் கழித்து "சந்தையில கயித்துக் கட்டில் இப்ப என்ன விலை?" என்றார்.

ஆகஸ்ட் 4

கட்டில் இரண்டு, கொசுவலை இரண்டு, டார்ச் ஒன்று, முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. தட்டுப்போரை நாற்பதடி தள்ளிப் போட்டாயிற்று. அக்கா அவர்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தாள். இமை தொங்குவதைக் காட்ட அவள் முகத்தை வைத்த விதத்தில் குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது.

செப்டம்பர் 14

கட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு. இந்த வாரம் போய்ப் பார்த்தேன். ஒரு கட்டிலில் சின்ன வெங்காயம் காய்கிறது. இன்னொன்றில் அண்ணன் படுத்துப் பேப்பர் படிக்கிறார். அவர்கள் பழையபடி தரையில்தான். வெயில் காலத்துக்குக் கட்டில் சூடு, தரைதான் குளிர்ச்சி என்றான் அவன். பூட்ஸ் புதுசாக அப்படியே ஆணியில் தொங்குகிறது. வலையைத் தூக்கிப் பார்த்தேன். பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகியிருந்தது. குழந்தைதான் தினமும் செருகுகிறாளாம், ஒரு பக்கம் விட்டுப்போனால் அப்பாவை எழுப்பிவிடுகிறாளாம்.